போர்க்காலமும் இராணுவப் புரட்சியும்

தேர்தல்களும் பாராளுமன்றமும் நெடுங்காலமாக வேரூன்றி நிற்கும் ஒரு நாட்டில், யுத்தம் நடைபெறும் வேளையிலே, சேனைத் தலைவர்கள் அரசாங்கத்தைக் கைப்பற்றுதல் கூடுமா? இவ்வினாவை எழுப்பினால், அது நிலையற்ற புதிய நாடுகளுக்கே உரிய நோய் என்று பலர் விடை கூறுவர். வேறு சிலர், துப்பாக்கி எவர் கையில் உள்ளதோ அவரே நாட்டின் எசமானர், எனவே எந்த நாட்டிலும் அது நிகழலாம் என்பர். இவ்விரு விடைகளும் முழு உண்மையல்ல. ஐரோப்பாவின் பழைய குடியரசுகளுள் ஒன்றாகிய பிரான்ஸ், மூன்றாண்டு காலத்துள் இருமுறை இச்சோதனைக்கு உள்ளாயிற்று. முதன்முறை அரசு சாய்ந்தது. இரண்டாம் முறை அரசு நிலைத்தது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் யாதென ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

யுத்தம் ஒரு தளபதிக்குப் புகழையும் படையையும் ஒருங்கே அளிக்கின்றது. ஆயினும் இவை மட்டும் ஓர் ஆட்சியைக் கவிழ்க்கப் போதியனவல்ல. 1951ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில், கொரிய யுத்தம் உக்கிரமாக நடந்துகொண்டிருந்தபொழுது, அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன், ஜெனரல் மக்காதரைப் பதவியினின்றும் நீக்கினார். தாயகம் திரும்பிய மக்காதரை வரவேற்கப் பெருந்திரளான மக்கள் வீதிகளிலே கூடினர். எனினும், காங்கிரஸ் சபையில் ஓர் உரை நிகழ்த்தினாரேயன்றி, ஆட்சியைக் கைப்பற்ற அவர் முயலவில்லை. அதற்கு முன்னரும், அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தின்போது ஜனாதிபதி லிங்கன் பதவி நீக்கிய ஜெனரல் மக்கிளெலன், 1864ஆம் ஆண்டில் லிங்கனை எதிர்த்து நின்றது தேர்தற் களத்திலேயேயன்றிப் போர்க்களத்திலன்று. அவர் தோற்றார், முடிவை ஏற்றார். ஆகவே, புகழ்பெற்ற தளபதியும் நடந்துகொண்டிருக்கும் யுத்தமும் ஒருங்கே இருந்தபோதிலும் புரட்சி தானாக விளைந்துவிடுவதில்லை. வேறொன்று அங்கே வேண்டும்.

அந்த வேறொன்று பிரான்சிலே எங்ஙனம் உருவாயிற்று என்பதைப் பார்ப்போம். 1830ஆம் ஆண்டிலே பிரெஞ்சுப் படைகள் அல்ஜீரியாவில் இறங்கின. காலப்போக்கில் அந்நாடு குடியேற்ற நாடு என்றல்லாது, பிரான்சின் ஒரு பகுதியே என்று சட்டத்திலே கூறப்பட்டது. அங்கே ஏறக்குறைய 10 இலட்சம் ஐரோப்பியரும் 90 இலட்சம் முஸ்லிம்களும் வாழ்ந்தனர். 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அல்ஜீரியச் சபையிலே, இரு தொகுதியினருக்கும் தலைக்கு 60 ஆசனங்கள் ஒதுக்கப்பட்டன. ஒன்பது மடங்கினரான மக்களின் குரல், ஒரு மடங்கினரின் குரலுக்கு மேல் ஒலிக்க இடமில்லை. 1954ஆம் ஆண்டு நவம்பர் முதலாந் திகதி அங்கே சுதந்திரப் போர் மூண்டது.

அப்போரை நடத்த அனுப்பப்பட்ட இராணுவம் மனம் புண்பட்டிருந்த இராணுவமாகும். 1940ஆம் ஆண்டில் ஜெர்மனியரிடம் தோல்வி. 1954ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்தோசீனாவிலே தியன்பியன்பூவின் வீழ்ச்சி. 1956ஆம் ஆண்டிலே சூயெஸ் கால்வாயிலிருந்து பின்வாங்கல். ஒவ்வொரு முறையும் தாங்கள் போரிட, அரசியல்வாதிகள் விட்டுக்கொடுத்தனர் என்று உத்தியோகத்தர் பலர் எண்ணினர். அல்ஜீரியாவிலே தம்மை நம்பித் தம்முடன் சேர்ந்து போரிட்ட முஸ்லிம் மக்களுக்கு, "பிரான்ஸ் உங்களைக் கைவிடாது" என்று அவர்கள் வாக்களித்திருந்தனர். அவ்வாக்கைத் தங்கள் மானத்துடன் பிணைத்துக்கொண்டனர்.

இங்கு ஒன்றை நாம் கவனித்தல் வேண்டும். இராணுவம் தன் எல்லையைத் தாண்டத் தொடங்கியது தன் வலிமையால் மட்டுமன்று. 1957ஆம் ஆண்டு ஜனவரியில், அல்ஜியர்ஸ் நகரின் பொலிஸ் அதிகாரங்களை ஜெனரல் மசுவின் பரசூட் படையினரிடம் ஒப்படைத்தவர்கள் சிவில் ஆட்சியாளரே. கைது செய்தல், விசாரித்தல், வீடு வீடாகச் சோதித்தல் ஆகிய யாவும் போர்வீரர் கைக்கு மாறின. சித்திரவதையும் அதனோடு சேர்ந்து வந்தது. நகரை ஆளப் பழகிய படை, நாட்டை ஆளுதலும் தன்னால் இயலும் என்று எண்ணத் தலைப்பட்டதில் வியப்பில்லை.

அதே காலத்தில் பாரிஸ் நகரிலே ஆட்சி தள்ளாடிற்று. 1946ஆம் ஆண்டிலே தோன்றிய நான்காவது குடியரசு, 12 ஆண்டுகளில் 20க்கு மேற்பட்ட மந்திரிசபைகளைக் கண்டது. 1958ஆம் ஆண்டு மே மாதம் 13ஆந் திகதி, புதிய பிரதம மந்திரியாகப் பியர் பிளிம்லன் பதவியேற்கவிருந்த அன்றே, அல்ஜியர்சில் ஐரோப்பியக் குடிகள் அரசாங்கச் செயலகத்துக்குள் புகுந்தனர். இராணுவம் அவர்களைத் தடுக்கவில்லை. மாறாக, ஜெனரல் மசு அங்கே அமைக்கப்பட்ட குழுவுக்குத் தலைமை தாங்கினார். மே 24ஆந் திகதி பரசூட் வீரர்கள் கோர்சிக்காத் தீவையும் இரத்தம் சிந்தாமல் கைப்பற்றினர். அடுத்து பாரிஸ் நகரிலே இறங்குவதற்கும் திட்டம் தயாராயிற்று. அத்திட்டம் நிறைவேறுமுன்னர், ஜூன் முதலாந் திகதி, தேசிய சபை 329 வாக்குகளுக்கு எதிராக 224 வாக்குகள் என்ற கணக்கிலே ஜெனரல் டி கோலைப் பிரதம மந்திரியாக ஏற்றது.

இதனை இராணுவப் புரட்சி என்பதா, அல்லது சட்டபூர்வமான மாற்றம் என்பதா? வாக்களித்தோர் மக்களின் பிரதிநிதிகளே. ஆனால் அவர்களின் தலைக்கு மேலே பரசூட் படையின் நிழல் விழுந்திருந்தது. நான்காவது குடியரசைத் துப்பாக்கி வீழ்த்தவில்லை. அதனைக் காப்பதற்கு எழுந்து நிற்கப் போதிய பேர் இல்லாமையே அதனை வீழ்த்திற்று. அரசின் கட்டளைக்கு இராணுவம் கீழ்ப்படியவில்லை, பொலிஸ் தயங்கிற்று, மக்களுட் பெரும்பாலோர் வாளாவிருந்தனர்.

ஆட்சியேற்ற டி கோல், புதிய அரசியலமைப்பை அவ்வாண்டு செப்டெம்பரிலே மக்கள் வாக்குக்கு விட்டார். ஐந்தில் நால்வர் அதனை ஆதரித்தனர். அல்ஜீரியாவை என்றென்றும் தம்முடன் வைத்திருப்பார் என்று எண்ணி அவரைக் கொணர்ந்த இராணுவத்தினர் விரைவிலே ஏமாற்றமடைந்தனர். 1959ஆம் ஆண்டு செப்டெம்பர் 16ஆந் திகதி, அல்ஜீரிய மக்கள் தம் எதிர்காலத்தைத் தாமே தீர்மானிக்கலாம் என்று அவர் அறிவித்தார். 1961ஆம் ஆண்டு ஜனவரி 8ஆந் திகதி நடந்த பொதுசன வாக்கெடுப்பில், வாக்களித்தோருள் ஏறக்குறைய நூற்றுக்கு 75 பேர் அக்கொள்கையை ஏற்றனர்.

அதற்கு மூன்றரை மாதங்களின் பின்னர், ஏப்ரில் 21ஆந் திகதி நள்ளிரவை அடுத்து, இரண்டாவது புயல் எழுந்தது. ஷால், ஜூஓ, செலர், சலான் ஆகிய நான்கு ஜெனரல்கள், அந்நியர் படையின் முதலாவது பரசூட் றெஜிமெந்தை முன்னிறுத்தி, அல்ஜியர்ஸ் நகரைக் கைப்பற்றினர். சேனாதிபதி கம்பியேயும் அரசாங்கப் பிரதிநிதியும் சிறைப்பட்டனர். வானொலி நிலையமும் அவர்கள் வசமாயிற்று. பொழுது விடிந்தபொழுது, அல்ஜீரியாவின் ஆட்சியை இராணுவம் ஏற்றுக்கொண்டதாக அந்நிலையம் அறிவித்தது. பாரிஸ் நகரிலே, பரசூட் வீரர்கள் இரவோடிரவாக வந்திறங்குவர் என்ற அச்சம் பரவியது.

ஏப்ரில் 23ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை இரவு 8 மணிக்கு, டி கோல் தமது பழைய இராணுவ உடையிலே தொலைக்காட்சியிலும் வானொலியிலும் தோன்றினார். ஓய்வுபெற்ற ஜெனரல்கள் சிலர் அதிகாரத்தைப் பறித்துக்கொண்டனர் என்றும், அவர்களின் கட்டளை எதனையும் எந்தப் பிரெஞ்சுக்காரரும், முதற்கண் எந்தப் போர்வீரரும், நிறைவேற்றலாகாது என்றும் அவர் தடை விதித்தார். அன்றிரவே பிரதம மந்திரி டெப்றே, சங்கொலி கேட்டதும் மக்கள் விமான நிலையங்களுக்கு விரைந்து சென்று, வழிதவறிய வீரர்களிடம் நியாயம் எடுத்துரைக்குமாறு வேண்டினார். மறுநாள் தொழிலாளர் பெருந்தொகையாக ஒரு மணி நேர வேலைநிறுத்தஞ் செய்தனர்.

நேயர்களே, வானொலி கேட்கும் வழக்கமுடைய நமக்கு இங்கே ஒரு செய்தி சிறப்பாக உண்டு. அல்ஜீரியாவில் இருந்த படையினர் ஏறக்குறைய 4 இலட்சம் பேர். அவருட் பெரும்பாலோர் கட்டாய சேவைக்கு அழைக்கப்பட்ட இளைஞர்: கமக்காரர், தச்சர், ஆசிரியர், மாணவர். தங்கள் பாசறைகளிலே பாட்டுக் கேட்பதற்கென்று அவர்கள் சிறிய டிரான்சிஸ்டர் வானொலிப் பெட்டிகளை வைத்திருந்தனர். மின்சாரம் வேண்டாத, கைக்கு அடக்கமான பெட்டிகள் அவை. அல்ஜியர்ஸ் ஒலிபரப்பு நிலையத்தைப் பிடித்த ஜெனரல்கள், கடலுக்கு அப்பாலிருந்து வந்த குரலைப் பிடித்து நிறுத்த இயலவில்லை. ஜனாதிபதியின் தடை, மேலதிகாரிகளைக் கேளாமலே, சாதாரண வீரனின் செவியை அடைந்தது.

விளைவு விரைவிலே தெரிந்தது. பல பாசறைகளில் வீரர்கள் ஐயத்துக்கிடமான கட்டளைகளுக்குப் பணிய மறுத்தனர். விமானிகள் சிலர், பாரிசுக்குப் படையை ஏற்றிச்செல்லப் பயன்படக்கூடிய விமானங்களைப் பிரான்சுக்கு ஓட்டிச் சென்றுவிட்டனர். கிளர்ச்சியாளரோடு சேருமாறு வேண்டப்பட்ட தளபதிகளுட் பலர், எதிர்க்கவும் இல்லை, சேரவும் இல்லை, காலந் தாழ்த்தினர். புரட்சி செய்வோருக்குக் காலதாமதம் நஞ்சாகும். ஏப்ரில் 25ஆந் திகதி இரவே எல்லாம் முடிந்தது. ஷால் சரணடைந்தார். அவரும், அடுத்துச் சரணடைந்த செலரும் 15 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றனர். சலானும் ஜூஓவும் தலைமறைவாகி இரகசிய ஆயுத இயக்கத்திற் சேர்ந்து, 1962ஆம் ஆண்டிலே பிடிபட்டனர்.

இரு நிகழ்ச்சிகளிலும் யுத்தம் ஒன்றே, இராணுவம் ஒன்றே, மனக்குறையும் ஒன்றே. வேறுபட்டது யாது? 1958ஆம் ஆண்டிலே, "யாருடைய கட்டளை செல்லும்?" என்ற கேள்விக்குத் தெளிவான விடை இருக்கவில்லை. 1961ஆம் ஆண்டிலே இருந்தது. மக்கள் சில மாதங்களுக்கு முன்னரே தம் தீர்ப்பை அளித்திருந்தனர். அத்தீர்ப்பைத் தாங்கி நிற்கும் ஒருவர் தயக்கமின்றிப் பேசினார். பேச்சு வீரர்களின் காதில் விழுந்தது. ஜெனரல் ஒருவர் தனித்து ஒரு நகரையேனும் பிடிக்க இயலாது. அவர் சொல்லை ஆயிரம் பேர் கேட்டால் மட்டுமே இயலும். கேட்பதா விடுவதா என்று அந்த ஆயிரவரும் மனத்துள் நிச்சயிக்கும் கணத்திலேயே ஆட்சியின் தலைவிதி எழுதப்படுகின்றது.

ஆயினும் ஒரு நியாயமான ஆட்சேபம் எழலாம். 1940ஆம் ஆண்டிலே டி கோல் தாமே தம் அரசாங்கத்தை மீறி இலண்டன் சென்று, வானொலியிற் பேசியவரல்லவா? பெத்தேன் ஆட்சி அவருக்கு மரணதண்டனை விதித்ததல்லவா? அவருக்குத் தகுவது ஏனையோருக்குத் தகாதா? இந்நியாயத்தை ஜெனரல்கள் உண்மையாகவே நம்பினர். ஆனால் 1940ஆம் ஆண்டிலே அந்நியப் படை நாட்டுக்குள் நின்றது. மக்களைக் கேட்பதற்கு வழியே இருக்கவில்லை. 1961ஆம் ஆண்டிலோ மக்கள் கேட்கப்பட்டு விடையும் கூறியிருந்தனர். மனச்சாட்சிக்காகப் பதவி துறத்தல் ஒரு தளபதிக்கு உரிமை. தம் மனச்சாட்சியை நாட்டின் மீது துப்பாக்கியாற் சுமத்துதல் உரிமையாகாது.

வெற்றிக்கும் விலை உண்டு. கிளர்ச்சியை அடக்கவென டி கோல் எடுத்துக்கொண்ட விசேட அதிகாரங்கள், கிளர்ச்சி நான்கு நாளில் ஒழிந்த பின்னரும் செப்டெம்பர் மாத இறுதிவரை நீடித்தன. அல்ஜீரிய மக்களைப் பொறுத்தவரையில், பாரிஸ் நகரிலே காப்பாற்றப்பட்ட ஜனநாயகம் அவர்களுக்கு முழுமையாக ஒருபோதும் கிடைத்திருக்கவில்லை. 1962ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே தனிநாடாகிய பின்னரே அவர்கள் தம் ஆட்சியைத் தாமே அமைக்கத் தொடங்கினர். பிரெஞ்சு இராணுவம் தந்த வாக்கை நம்பிய முஸ்லிம் துணைப்படையினர் ஆயிரக்கணக்கானோர், கைவிடப்பட்டு உயிரிழந்தனர். உத்தியோகத்தரின் மனவேதனை முற்றும் பொய்யானதன்று என்பதையும் நாம் மறத்தலாகாது.

எனவே, தொடக்கத்திற் கேட்ட வினாவுக்கு இவ்வாறு விடை கூறலாம். நிலைபெற்ற ஜனநாயகத்திலும் போர்க்கால இராணுவப் புரட்சி நிகழக்கூடும். ஆனால் அதற்கு யுத்தம் மட்டும் போதாது. சிவில் ஆட்சி தன் கடமையைப் போர்வீரனிடம் ஒப்படைத்து விலகியிருத்தல் வேண்டும். சட்டத்தின் குரல் மங்கியிருத்தல் வேண்டும். குடிமக்கள் தமக்கென்ன என்று கதவடைத்திருத்தல் வேண்டும். 1961ஆம் ஆண்டு அந்த ஏப்ரில் இரவிலே, பாலைவனத்தின் ஓரத்தில் ஒரு சிறு பெட்டியைச் சுற்றி அமர்ந்திருந்த இளைஞர்கள், தங்களையும் ஒரு குரல் நாடி வந்திருப்பதை உணர்ந்தனர். மறுநாட் காலையிலே கட்டளை வந்தபொழுது அவர்கள் அசையவில்லை.