பதினைந்து தேயிலைக் கொட்டைகள்

மலேசிய மலையூரான பிரிஞ்சாங்கில் மழை பிடித்து மின்சாரமும் போய்விட்டால் அன்றைய பொழுது போனதுதான். போன நவம்பரில் அப்படி ஒரு மாலை. கைப்பேசியில் சார்ஜ் தீரும்வரை ஆடிவிட்டு என் அக்கா மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் ஆடிக்கொண்டிருந்தது ஒரு விண்வெளிப் போர் ஆட்டம். இன்னும் செய்து முடிக்கப்படாதது. திரையில் கப்பலும் இல்லை, வெடிப்பும் இல்லை. சாம்பல் நிறத்தில் சில வட்டங்கள், அவற்றை இணைக்கும் கோடுகள், ஓரத்தில் சில எண்கள். அவ்வளவுதான்.

எனக்கு அது பழக்கமான படமாகத் தெரிந்தது. வாசல் சிமெண்டுத் தரையில் கரித்துண்டால் ஆடுபுலிக் கட்டம் கீறினேன். புலிக்கு மூன்று இருபது சென் காசு. ஆட்டுக்குப் பதினைந்து தேயிலைக் கொட்டை. கொழுந்து பறிக்கிற செடியில் கொட்டை காண்பது அரிது. கவாத்து பண்ணாமல் விட்டுப்போன ஓரத்துச் செடியில்தான் கிடைக்கும். உருண்டு ஓடாமலிருக்க ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்துத் தட்டையாக்கிக்கொள்ள வேண்டும்.

"மாமா, இதுவும் அதுவும் ஒண்ணா?" என்றான். கிட்டத்தட்ட ஒன்றுதான்.

விண்வெளி என்பது பெரும்பாலும் வெறும் வெளி. சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலிருக்கும் நட்சத்திரமே 4.24 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. நடுவிலுள்ள சூனியத்தை வரைந்து என்ன பயன்? ஆகவே இவ்வகை ஆட்டங்கள் பலவற்றில் நட்சத்திரம் ஒரு புள்ளி, கப்பல் போகும் வழி ஒரு கோடு. ஆடுபுலியில் இருப்பதும் 23 புள்ளிகளும் அவற்றைச் சேர்க்கும் கோடுகளும்தான். கோடுகள் கூடுகிற புள்ளியைப் பிடித்தவன் கை ஓங்கும். ஆட்டைத் தாண்டிக் குதித்துப் பிடிக்கிற புலியும் முட்டுச்சந்தில் நின்றால் ஆடுகள் அதை அடைத்துவிடும். நட்சத்திரக் கூட்டத்திலும் இதே கணக்குதான்.

இன்னொரு ஒற்றுமை, முறை வைத்து ஆடுவது. நீங்கள் நகர்த்தும்வரை எதிராளி காத்திருப்பார். எழுந்து போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தாலும் உலகம் அப்படியே நிற்கும். கைவேகத்துக்கு இங்கே மதிப்பில்லை, முடிவுக்குத்தான் மதிப்பு. தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். இன்று பறித்த மலைக்கு ஏறக்குறைய மூன்று வாரம் கழித்துத்தான் திரும்ப வருவோம். ஆள் குறைவு, மலை அதிகம். எதை முதலில் பறிப்பது, எதைத் தள்ளிப்போட்டு முற்றவிடுவது? அந்தச் சுற்றுக் கணக்கில் கொழுந்துக்குப் பதில் கனிமத்தையும், ஆளுக்குப் பதில் கப்பலையும் வைத்துவிட்டால் பாதி ஆட்டம் தயார்.

இதெல்லாம் புதிதல்ல. 1971இல் மைக் மேஃபீல்ட் என்ற அமெரிக்கப் பள்ளி மாணவர் 'ஸ்டார் ட்ரெக்' தொடரை வைத்து ஓர் ஆட்டம் எழுதினார். அதற்குத் திரைகூடக் கிடையாது. முறைக்கு முறை எழுத்தும் குறியுமாகக் காகிதத்தில் அச்சாகி வரும், அதைப் பார்த்து அடுத்த கட்டளையைத் தட்ட வேண்டும். 1993இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ஓரியன்'தான் இந்த வகையின் பெரிய பெயர். ஸ்டீவ் பார்சியாவின் சிம்டெக்ஸ் நிறுவனம் செய்தது. அதற்கு முன் 'ஸ்டார் லார்ட்ஸ்' என்று ஒரு கச்சா வடிவம் இருந்தது. அதை ஆடிப் பார்த்துத் திருத்தம் சொன்னவர்களில் ஒருவர் ஆலன் எம்ரிக். தேடு, பரவு, பயன்படுத்து, அழி என்று இந்த ஆட்ட வகைக்கு நான்கு வினைகளால் பெயர் வைத்தவரும் அவரே. நான்காவது வினை எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் அது இல்லாமல் விற்கிற ஆட்டம் குறைவு.

மூன்றாம் நாளும் மழை விடவில்லை. பையன் புலியைப் போர்க்கப்பல் என்றான், கொட்டையைச் சரக்குக் கப்பல் என்றான். பெயரை மாற்றினால் ஆட்டம் மாறிவிடாது, விதியை மாற்று என்றேன். முதலில் கொட்டையைப் பன்னிரண்டாகக் குறைத்தோம். புலி தொடர்ந்து நான்கு தடவை ஜெயித்தது. பதினைந்துக்குத் திரும்பியதும் ஆடுகளுக்கு மூச்சு வந்தது. இப்படி எண்ணைக் கூட்டிக் குறைத்து இரு பக்கத்தையும் நிறுக்கிற வேலையில்தான் ஆட்டம் செய்பவர்களின் மாதக் கணக்கான உழைப்பு கரைகிறது. நேபாளத்தில் 4 புலி, 20 ஆடு வைத்து ஆடும் 'பாக் சால்' உண்டு. இரு தரப்பும் பிசகாமல் ஆடினால் அது சமனில்தான் முடியும் என்று லிம் யூ ஜின், யுர்க் நீவர்கெல்ட் என்ற இரு ஆய்வாளர்கள் கணினியால் நிறுவிக் காட்டினார்கள். யாரோ ஒரு மலையூர்க்காரர் கல்லை வைத்தே இவ்வளவு துல்லியமாக நிறுத்திருக்கிறார்!

அடுத்தது மூடுபனி. பிரிஞ்சாங்காரர்களுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பத்தடிக்கு அப்பால் லாரி வருகிறதா, மாடு வருகிறதா என்று தெரியாது. வியூக ஆட்டங்களிலும் உங்கள் கப்பல் போய்ப் பார்க்காத இடம் இருட்டாகவே இருக்கும். பாதிக் கட்டத்தை நாளிதழால் மூடினோம். பக்கத்துப் புள்ளியில் என்ன இருக்கிறது என்று மட்டும் புலி கேட்கலாம், ஆட்டுக்காரர் உண்மை சொல்ல வேண்டும். ஐந்தாவது முறையிலேயே சண்டை வந்துவிட்டது. நான் கொட்டையை நகர்த்திவிட்டேன் என்று அவன், நாளிதழைத் தூக்கிப் பார்த்தான் என்று நான்.

கணினி எதற்கு என்பது அப்போதுதான் அவனுக்குப் பிடிபட்டது. படம் காட்டுவதற்கு முன்பே அது செய்கிற வேலை நடுவர் வேலை. ரகசியத்தைக் காக்கும், கணக்கு வைக்கும், எந்தப் பக்கமும் சாயாது. 1992இல் வந்த 'விஜிஏ பிளானட்ஸ்' ஆட்டத்தில் ஒவ்வொருவரும் தத்தம் கட்டளைகளைக் கோப்பாக எழுதி அனுப்புவார்கள். நடுவர் கணினி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நேரத்தில் ஓட்டி விளைவைத் திருப்பித் தரும். ஒரு நாளைக்கு ஒரு கோப்பு போய்வந்தாலே போதும். எங்கள் மலையில் வருகிற இணையத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி!

தனியாக ஆட்டம் செய்கிறவர்கள் பலர் இந்த வகையை நாடுவதற்கும் காரணம் இந்த எளிமையே. நொடிக்கு நொடி அசைவு வரைய ஆள் வேண்டாம், விலையுயர்ந்த எந்திரம் வேண்டாம். அர்ஜென்டினாவில் பிறந்த 'கோடோ' போன்ற இலவச மென்பொருள் இருந்தால் ஒருவரே தொடங்கிவிடலாம். 2013 முதல் 'ஸ்டீம்' இணையக் கடை, அரைவேக்காட்டு ஆட்டத்தையும் அரைவேக்காடு என்று சொல்லியே விற்க வழிவிட்டது. காசு கொடுத்து வாங்கிக் குறை சொல்லும் ஆட்கள் கிடைத்தார்கள். முடிக்காமலே கைவிடப்பட்டவையும் ஏராளம். பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஆனாலும் மெருகேறி, பட்டன்கள் பெருகி, கையேடு இல்லாமல் தொட முடியாத நிலைக்குப் போன பிறகு பார்ப்பதைவிட, வட்டமும் கோடுமாக இருக்கும்போது பார்க்கத்தான் எனக்குப் பிடிக்கும்.

மின்சாரம் வந்து வெகுநேரம் ஆகியும் பையன் தரையை விட்டு எழவில்லை. போர்க்கப்பல் தாண்டிக் குதித்தால் எரிபொருள் குறைய வேண்டும் என்று நோட்டில் எழுதியிருந்தான். அப்படியென்றால் புலி இளைத்துவிடுமே என்றேன். யோசித்தான். குதித்துப் பிடித்த கப்பலிலிருந்து கொஞ்சம் எரிபொருள் எடுத்துக்கொள்ளலாம் என்று அடியில் சேர்த்தான். பிறகு நிமிர்ந்து, "மாமா, இன்னும் மூணு கொட்டை வேணும். பதினெட்டு வச்சுப் பாப்போம்" என்றான்.