ஆட்டோ கியரில் கை வைக்கும் முன்: ஆபத்து, உரிமை, நிவாரணம்

மலேசியாவின் ஜெஞ்சாரோமிலிருந்து கிள்ளான்–பந்திங் சாலை வழியாக வேலைக்குப் போய்வரும் பலரிடம் பழைய ஆட்டோ கார் இருக்கிறது. வயதான காரில் ஒரு நாள் கியர் தாமதமாக மாறும். என்ஜின் உறுமும், வண்டி நகராது. "கியர் வழுக்குது" என்று பட்டறையில் சொன்னால் பெரிய செலவு வருமோ என்ற பயம் வேறு. அப்போதுதான் காணொளி பார்த்து, வீட்டு வாசலிலேயே கியர்பாக்ஸைத் திறந்து, கியர் 'டக்' என்று மாறும்படி செய்துவிடலாம் என்ற எண்ணம் பிறக்கிறது. அதில் இறங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

உள்ளே என்ன நடக்கிறது?

ஆட்டோ கியர்பாக்ஸில் கியரை மாற்றுவது எண்ணெயின் அழுத்தம். வால்வ் பாடி என்னும் அலுமினியப் பகுதிக்குள் உள்ள நுண்ணிய பாதைகள் வழியாக எண்ணெய் பாய்ந்து, ஒரு கிளட்ச் தொகுதியை விடுவித்து இன்னொன்றைப் பிடிக்கிறது. இந்தப் பிடிப்பு அதிர்ச்சியில்லாமல் நடக்க, அக்குமுலேட்டர் என்ற ஸ்பிரிங் அமைப்பு அழுத்தத்தைச் சற்றே தாங்கி மெல்ல விடுகிறது. கியர் மென்மையாக மாறுவது பயணிகளின் சுகத்துக்கு மட்டுமல்ல; அச்சு, மவுண்டிங், கியர் பற்கள் எல்லாவற்றுக்கும் அது காப்பு.

கியர் 'டக்' என்று கெட்டியாக மாற வேண்டும் என விரும்புவோர் அக்குமுலேட்டர் ஸ்பிரிங்கை மாற்றுவார்கள். வால்வ் பாடியின் இடைத்தகட்டிலுள்ள துளைகளைப் பெரிதாக்குவார்கள். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வுக்குப் பின்னால் வாஷர் வைப்பார்கள். மின்னணுக் கட்டுப்பாடுள்ள காரில் சோலினாய்டு கம்பியில் ரெசிஸ்டர் சேர்த்து கணினியை ஏமாற்றுவார்கள். முறையாகச் செய்தால் கிளட்ச் வழுக்கும் நேரம் குறையும், சூடும் குறையும் என்பது உண்மை. அமெரிக்காவின் டிரான்ஸ்கோ போன்ற நிறுவனங்கள் ஷிஃப்ட் கிட் என்னும் மாற்றுப் பாகத் தொகுப்புகளை விற்பதும் இதற்காகவே. ஆனால் அவை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட கியர்பாக்ஸுக்கென்று அளவெடுத்துத் தயாரிக்கப்பட்டவை. வேறொரு காரின் காணொளியைப் பார்த்து நம் காரில் துளை போட்டால், தகட்டை மீண்டும் பழையபடி ஆக்க முடியாது.

எல்லாக் காருக்கும் இது பொருந்தவும் பொருந்தாது. 2019இல் புதுப்பிக்கப்பட்ட புரோட்டோன் சாகாவில் நான்கு வேக ஆட்டோ கியர்பாக்ஸ். அதற்கு முந்தைய சாகாவில் சிவிடி. பெரோடுவா மைவியும் 2021 இறுதியில் சிவிடிக்கு மாறியது. சிவிடியில் கியர் படிகளே இல்லை. இரும்புப் பட்டையும் கப்பிகளுமே இயங்குகின்றன. அங்கே கெட்டியாக்கக் கியர் மாற்றம் எதுவும் இல்லை, பட்டைதான் பாழாகும்.

ஆபத்துகள்

முதல் ஆபத்து, நோயை மறைப்பது. கியர் வழுக்குவதற்கு எண்ணெய் குறைவு, தவறான எண்ணெய், தேய்ந்த கிளட்ச், பழுதான சோலினாய்டு எனக் காரணங்கள் பல. காரணத்தைக் கண்டறியாமல் அழுத்தத்தை மட்டும் ஏற்றினால் சில வாரம் சரியானது போலத் தோன்றும்; பிறகு சீல்கள் கிழியும், கியர்பாக்ஸ் முழுவதும் போகும். கடைசியில் பழைய கார்ப் பாகங்கள் விற்கும் ஹாஃப்கட் கடையில் கியர்பாக்ஸ் தேட வேண்டிவரும்.

இரண்டாவது, வேலையின் நுணுக்கம். வால்வ் பாடிக்குள் இருக்கும் ஒரு சிறு உருண்டை இடம் மாறினாலே ரிவர்ஸ் கியர் விழாமல் போகலாம். இரண்டு கிளட்ச் ஒரே நேரத்தில் பிடித்து, ஓடும் வண்டி திடீரென இறுகலாம். துடைத்த துணியிலிருந்து உதிரும் நூல் ஒன்றே வால்வை நிறுத்திவிடும்.

மூன்றாவது, உயிர். ஜேக்கில் மட்டும் தூக்கி வைத்த காருக்கு அடியில் படுக்கவே கூடாது. ஓடி நின்ற வண்டியின் எண்ணெய் தோலைச் சுட்டுவிடும்.

நான்காவது, சுற்றுப்புறம். பயன்படுத்திய எண்ணெய் 2005ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரம் (அட்டவணைக் கழிவுகள்) விதிமுறைகளின் கீழ் கட்டுப்படுத்தப்பட்ட கழிவு. 2018இல் சட்டவிரோத நெகிழி ஆலைகளின் புகையை எதிர்த்துப் புகார் செய்து அதிகாரிகளை இறங்க வைத்த ஊர் ஜெஞ்சாரோம். அதே ஊரின் சாக்கடையில் நாமே எண்ணெயை ஊற்றலாகாது. டப்பாவில் பிடித்து, உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடம் கழிவெண்ணெய் தரும் பட்டறையில் ஒப்படையுங்கள்.

உரிமைகள் எங்கே நிற்கும், எங்கே நழுவும்?

உத்தரவாதக் காலத்தில் உள்ள காரின் கியர்பாக்ஸைத் திறந்தால், அந்தப் பழுதுக்கு உற்பத்தியாளர் பொறுப்பேற்க மறுக்கலாம். தவணையில் வாங்கிய கார், கடன் முடியும் வரை 1967ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டப்படி வங்கியின் உடைமை. ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுத்தான் மாற்றம் செய்ய வேண்டும். காப்புறுதி புதுப்பிக்கும்போது மாற்றங்களைப் பற்றிக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். மறைத்தால் விபத்துக்குப் பின் இழப்பீடு சிக்கலாகும். சந்தேகமிருந்தால் காப்புறுதி நிறுவனத்திடமும் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயிடமும் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்.

பணம் வாங்கிக்கொண்டு வேலை செய்யும் பட்டறை, 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்து தரக் கடமைப்பட்டது. 'கொடுத்த பின் பொறுப்பில்லை' என்று பலகை மாட்டினாலும் அந்தக் கடமை போகாது. ஆனால் வீட்டில் நீங்களே செய்துகொண்டால் யார்மேல் வழக்குப் போடுவீர்கள்? உதவிக்கு வந்த நண்பரிடமும் இந்தச் சட்டப்படி கேட்க முடியாது. வீட்டு வேலையில் மிச்சமாகும் கூலியோடு இந்தப் பாதுகாப்பும் கைவிட்டுப் போகிறது.

நிவாரணம்

பட்டறையில் விடும்போது மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். கழற்றிய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். எண்ணெயின் வகை ரசீதில் இருக்கட்டும். பழுது மீண்டும் வந்தால் முதலில் பட்டறைக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்து, சரிசெய்ய வாய்ப்புக் கொடுங்கள்.

மறுத்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. சொந்தப் பயன்பாட்டுக்கான பொருள், சேவை தொடர்பாக 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை மூன்று ஆண்டுகளுக்குள் கொண்டுபோகலாம். கட்டணம் வெறும் 5 ரிங்கிட். இணையம் வழியாகவும் பதியலாம். பொதுவாக வழக்கறிஞர் தேவையில்லை. தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாதது குற்றம். உடல் காயம், உயிரிழப்புக்கான இழப்பீட்டை இந்த மன்றம் விசாரிக்காது. அதற்கு நீதிமன்றம் செல்ல வேண்டும். காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுத்தால், 2025 ஜனவரி முதல் இயங்கும் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவையிடம் முறையிடலாம்.

கியர் வழுக்கினால் முதலில் எண்ணெயின் அளவையும் நிறத்தையும் பாருங்கள். கைப்புத்தகத்தில் சொன்ன எண்ணெய்தானா என்று உறுதிசெய்யுங்கள். பிறகு ஸ்கேனர் வைத்துள்ள கியர்பாக்ஸ் பட்டறையில் காரணத்தைக் கண்டறியச் சொல்லுங்கள். அதன் பிறகும் கெட்டியான கியர்தான் வேண்டுமென்றால், உங்கள் கியர்பாக்ஸுக்கென்றே தயாரித்த கிட்டை, ரசீது தரும் பட்டறையில் பொருத்துங்கள். ஏதாவது தவறினால் கேட்பதற்கு ஆளும் இருக்கும், காட்டுவதற்கு ஆதாரமும் இருக்கும்.