பயாப்ஸி பாட்டிலில் இருக்கும் திரவம்

ஆபரேஷன் முடிந்ததும் நர்ஸ் ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலை நோயாளியின் உறவினரிடம் கொடுத்து, "லேபில் கொடுத்துட்டு ரசீது வாங்கிட்டு வாங்க" என்பார். உள்ளே தண்ணீர்போல் தெரிவது ஃபார்மலின். அதில் ஒரு சதைத் துணுக்கு கிடக்கும்.

ஃபார்மால்டிஹைடு என்ற வாயுவைத் தண்ணீரில் கரைத்தால் ஃபார்மலின். விற்பனைக்கு வரும் அடர்கரைசலில் எடைக்கணக்கில் சுமார் 37 சதவீதம் ஃபார்மால்டிஹைடு இருக்கும். வெள்ளையாகத் திரிந்து அடியில் படியாமலிருக்கக் கொஞ்சம் மெத்தனாலும் சேர்ப்பார்கள். இதில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்தால் லேபில் புழங்கும் '10% ஃபார்மலின்' தயார். பெயர்தான் பத்து, அதிலுள்ள ஃபார்மால்டிஹைடு 4 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். லேப் படிப்புக்குப் புதிதாக வருபவர்களைக் குழப்பும் கணக்கு இது.

உடலைவிட்டுப் பிரிந்த சதையை அதன் செல்களில் உள்ள நொதிகளே கரைக்கத் தொடங்கிவிடும். பாக்டீரியாவும் சேர்ந்துகொள்ளும். ஃபார்மால்டிஹைடு புரதங்களுக்கு நடுவே வேதிப்பிணைப்புகளை உண்டாக்கி அவற்றை அசையவிடாமல் கட்டிப்போடுகிறது. நொதிகள் முடங்குகின்றன, கிருமிகள் சாகின்றன, கொழகொழத்த சதை ரப்பர்போல் விறைக்கிறது. ஃபெர்டினாண்ட் ப்ளூம் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதைக் கிருமிநாசினியாகச் சோதித்துக்கொண்டிருந்தபோது தம் விரல் தோல் கெட்டிப்பட்டதைக் கவனித்தார். திசுவைப் பதப்படுத்த இது உதவும் என்று 1893இல் எழுதினார்.

ஆனால் இது மெதுவாகத்தான் ஊறும். மணிக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். கர்ப்பப்பை போன்ற பெரிய உறுப்பை அப்படியே முக்கி வைத்தால், ஃபார்மலின் உள்ளே போய்ச் சேர்வதற்குள் நடுப்பகுதி கெட்டுவிடும். அதனால்தான் கீறித் திறந்து போடுகிறார்கள். திசுவைப்போல் 10 மடங்காவது ஃபார்மலின் வேண்டும். பாட்டில் கொள்ளாமல் திணித்த சதையைப் பார்த்தாலே லேப்காரர்கள் முகம் சுளிப்பது நியாயம்தான்.

ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. வாடை கண்ணைக் கரிக்கும், மூக்கை எரிக்கும். இதையே மீன் கெடாமலிருக்கப் பூசியதைத்தான் 2018இல் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை 'ஆபரேஷன் சாகர் ராணி' சோதனைகளில் பிடித்தது. உண்ணும் பொருளில் இதற்கு இடமே இல்லை.

பாட்டிலைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு ஓடுபவர்களுக்கு: மூடியைத் திறந்து பார்க்காதீர்கள். திரவம் சிந்திவிட்டால் தண்ணீர் ஊற்றி நிரப்பாமல் உடனே மருத்துவமனையில் சொல்லுங்கள். முக்கியமான ஒன்று, காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கான சதை ஃபார்மலினில் விழவே கூடாது. விழுந்தால் கிருமி செத்துவிடும். அதற்கு சலைன் விட்ட தனி பாட்டில் வேண்டும். கல்ச்சருக்கும் அனுப்பப்போகிறார்களா என்று ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.