கணக்கு வகுப்பில் மறைந்துபோகும் பிள்ளை

இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் பட்டிப்பொல. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,891 மீற்றர் உயரம். அங்கிருந்து நானுஓயா, ஹட்டன் என்று பாதை இறங்கும் வழியெங்கும் தேயிலைத் தோட்டங்கள், மரக்கறித் தோட்டங்கள், அவற்றை அண்டிய சின்னச் சின்னப் பாடசாலைகள். இந்தப் பாடசாலைகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால் கணித ஆசிரியர் பற்றாக்குறையும் கூடவே எழும். ஆசிரியர் இல்லாத வகுப்பில் பிள்ளைகள் கணக்கில் தவறுவது யாருக்கும் புதினமில்லை. எல்லோரும் தடுமாறும் இடத்தில், வேறொரு காரணத்தால் தடுமாறும் பிள்ளை யார் கண்ணிலும் படுவதில்லை.

அந்தக் காரணத்தின் பெயர் டிஸ்கல்குலியா. கணிதக் கற்றல் குறைபாடு என்றும் சொல்வார்கள். 1974 இல் செக்கோஸ்லோவாக்கிய உளவியலாளர் லாடிஸ்லாவ் கோஷ், பிராத்திஸ்லாவா நகரப் பாடசாலைப் பிள்ளைகளை ஆராய்ந்து, அவர்களில் சுமார் 6 வீதமானோருக்கு இது இருப்பதாக எழுதினார். அதன்பின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும் பெரும்பாலும் 3 முதல் 7 வீதம் என்றே கணிக்கின்றன. முப்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒருவர் அல்லது இருவர். மலையகம் மட்டும் இதற்கு விலக்காக இருக்க முடியாது.

இது சோம்பலால் வருவதில்லை. அறிவுக் குறைவும் காரணமில்லை. ‘எத்தனை’ என்பதை உணர மூளையின் மேற்புறத்தில், சற்றுப் பின்பக்கமாக இருக்கும் ஒரு பகுதி உதவுகிறது. டிஸ்கல்குலியா உள்ள பலரில் அந்தப் பகுதி வேறுவிதமாக இயங்குவதை மூளைப் படங்கள் காட்டியுள்ளன. குடும்ப வழியாகவும் வரக்கூடும். கதைப் புத்தகத்தைத் தடங்கலின்றி வாசிக்கும், அழகாகப் படம் வரையும் பிள்ளைக்கும் இது இருக்கலாம். “மற்றதெல்லாம் நல்லாச் செய்யுது, கணக்குன்னா மட்டும் ஏமாத்துது” என்று வீட்டில் திட்டு விழுவது இதனால்தான்.

எதைக் கவனிக்கலாம்?

மேசையில் நான்கு பொத்தான்களை வைத்தால் நாம் எண்ணாமலே நான்கு என்போம். இந்தப் பிள்ளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணும். ஏழு பெரிதா, ஒன்பது பெரிதா என்று கேட்டால் தயங்கும். தரம் 5 இலும் மூன்றுடன் இரண்டைக் கூட்ட விரல் தேடும். ஆயிரத்து நான்கு என்று சொன்னால் 10004 என்று எழுதும். நேற்று ஒப்பித்த வாய்பாடு இன்று நினைவில் இராது. கடையில் மீதிக் காசு சரியா என்று தெரியாது. மணிக்கூடு பார்க்கத் திணறும். கணக்குப் பாடம் உள்ள நாளில் வயிற்றுவலி வரும். லண்டன் பேராசிரியர் பிரயன் பட்டர்வேர்த் 2003 இல் உருவாக்கிய சோதனையும் புள்ளிகளை எண்ணுதல், எண்களை ஒப்பிடுதல் போன்ற எளிய வேலைகளில் பிள்ளை எடுக்கும் நேரத்தைத்தான் பார்க்கிறது.

இந்த அடையாளங்களில் ஒன்றிரண்டு தெரிந்தவுடன் பிள்ளைக்குப் பெயர் சூட்டிவிடக் கூடாது. கண் பார்வை, காது, பாடசாலைக்கு வராத நாட்கள், காலையில் சாப்பிட்டதா என்பது எல்லாம் முதலில் பார்க்கப்பட வேண்டும். பிறகு இரண்டு மூன்று மாதம் தினமும் கால் மணி நேரம் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்துப் பார்க்க வேண்டும். ஆசிரியர் இல்லாததால் பின்தங்கிய பிள்ளைகள் அதற்குள் மளமளவென்று முன்னேறுவார்கள். அப்போதும் நின்ற இடத்திலேயே நிற்கும் பிள்ளையை, அந்த மாதங்களில் எழுதிய கணக்குக் கொப்பியோடு வலயக் கல்வி அலுவலகத்தின் விசேட கல்வி ஆசிரிய ஆலோசகரிடமோ, மருத்துவரிடமோ காட்டுங்கள். நிபுணர் மலையேறி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வழி இது. கற்பிப்பதே இங்கு முதல் பரிசோதனை.

கையில் தொட்ட எண்

அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960களில் சொன்ன வரிசை இன்றும் பயன்படுகிறது: முதலில் பொருள், அடுத்தது படம், கடைசியில் குறியீடு. பத்து ஈர்க்கை நூலால் கட்டினால் ஒரு பத்து. பத்துக் கட்டு சேர்ந்தால் நூறு. இடப்பெறுமானம் அங்கே கைக்குள் இருக்கிறது. முற்றத்தில் எண்கோடு வரைந்து குதிக்கவிடலாம். லூடோ, டொமினோ விளையாட்டில் பிள்ளை புள்ளிகளை எண்ணாமல் அடையாளம் காணப் பழகும். எண்கள் இடம் மாறாதிருக்கச் சதுரக் கோட்டுக் கொப்பி கொடுங்கள். வாய்பாட்டு அட்டை மேசையிலேயே இருக்கட்டும். நேரம் வைத்துச் சோதிப்பதையும், கரும்பலகைக்கு அழைத்து எல்லோர் முன்னும் நிறுத்துவதையும் விட்டுவிடுங்கள். பயம் சேர்ந்தால் தெரிந்ததும் மறந்துபோகும்.

தோட்டத்தில் எண் என்பது பாடத்தோடு முடிவதில்லை. தராசில் கொழுந்து எத்தனை கிலோ, சாக்குக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு கழித்தார்கள், முழுப் பேரா (முழு நாள் கூலி) அரைப் பேரா (அரை நாள் கூலி) என்பதில்தான் அம்மாவின் சம்பளம் இருக்கிறது. சம்பளத்துண்டை வாசித்துக் கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளை குடும்பத்துக்கே பலம். அதனால் டிஸ்கல்குலியா உள்ள பிள்ளைக்குக் காசு, நிறை, நேரம் மூன்றையும் முதலில் கற்றுக்கொடுப்பது நியாயம். கல்குலேட்டரைப் பாவிக்கவும், விடை பொருத்தமாக இருக்கிறதா என்று மதிப்பிடவும் பழக்குங்கள். அது குறுக்குவழி ஆகாது; கண்ணாடி போன்ற துணை.

பரீட்சை மண்டபத்தில்

க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதம் தவறினால் உயர் தரத்தில் சில பாதைகள் அடைபடுகின்றன. 2017 இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தின் தொழிற்பாடப் பிரிவு, சித்தியடையாதவர்களுக்கும் இடம் தருகிறது. பெற்றோர் பலர் அறியாத வாய்ப்பு இது; அதிபரிடம் கேளுங்கள். அயல்நாடான இந்தியாவிலோ 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்கல்குலியாவைப் பெயர் சொல்லியே ஏற்கிறது. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கம் பல ஆண்டுகளாக ஆசிரியர்களுக்கு இத்துறையில் பயிற்சி அளித்து வருகிறது. தமிழில் கற்பிக்கும் அந்த அனுபவம் நமக்கும் எட்டும் தூரத்திலேயே இருக்கிறது.

மலையகத்துக்கு ஆசிரியர்களை உருவாக்கும் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிலிருந்து வெளிவரும் ஒவ்வொருவரும் டிஸ்கல்குலியா உள்ள பிள்ளையை அடையாளம் காணத் தெரிந்திருக்க வேண்டும். பரீட்சையில் மேலதிக நேரம் இப்பிள்ளைகளுக்கும் தெளிவாக உறுதிசெய்யப்பட வேண்டும். கணித ஆசிரியர் வேண்டும் என்று கேட்கும் பெற்றோர் சங்கங்கள் இந்த இரண்டையும் அதே மனுவில் சேர்த்துக் கேட்கட்டும். ஆசிரியர் வந்துவிட்டால் வகுப்பில் பெரும்பாலானோர் கரையேறுவார்கள். எஞ்சி நிற்கும் அந்த ஒருவரையும் சேர்த்துக் கரையேற்றினால்தான் அது கல்வி.