இருள்முகிலும் ஒளிப்படமும்

வானில் ஒளிர்வன யாவும் கண்ணுக்குப் புலனாவன அல்ல. மாசி மாதத்து முன்னிரவில் ஆதிரை என்னும் செம்மீனை நோக்குவோர், அதற்கு அணித்தே ஒரே வரிசையில் நிற்கும் மூன்று மீன்களையும் காண்பர். மேனாட்டார் அவற்றை ஒரியன் என்னும் வேட்டைக்காரனின் அரைக்கச்சு என்பர். அவற்றுட் கிழக்குக் கோடியில் உள்ள மீனுக்குச் சற்றுத் தெற்கே, ஏறத்தாழ 1,300 ஒளியாண்டுத் தொலைவில், ஐதரசன் வாயுவாலான மங்கிய ஒளிமுகில் ஒன்று பரந்து கிடக்கின்றது. அதன் ஒரு கூற்றைக் கருந்தூசு மறைத்து நிற்கின்றது. அத்தூசின் வடிவு நோக்கி அதனைக் குதிரைத்தலை முகில் என அழைப்பர்.

எத்துணைக் கூரிய கண்ணுடையாரும் அதனை வெறுங்கண்ணாற் காணார். காரணம் யாது? கண் தான் பெற்ற ஒளியைச் சேமித்து வைப்பதில்லை. நொடிப்பொழுதின் ஒரு சிறு கூற்றுக்குள் பழையதை விடுத்துப் புதியதை ஏற்கின்றது. ஒளிப்படத் தகடோ, உண்டியலிற் காசு சேர்ப்பார் போல, சிறிது சிறிதாய் வரும் ஒளியைச் சேர்த்து வைக்கும். ஆயினும், பூமி சுழல்வதால் விண்மீன்கள் மணிக்கு 15 பாகை மேற்கே பெயர்வன போலத் தோன்றும். கருவியும் அவற்றோடு ஒத்து நகர வேண்டும். இன்றேற் படத்திற் கோடுகளே எஞ்சும்.

1888 ஆம் ஆண்டு ஹாவாட் வானாய்வு நிலையத்துக்காக வில்லியம் பிக்கரிங் 90 நிமிடம் ஒளி ஏற்க வைத்து எடுத்த தகடொன்றை ஆராய்ந்தவர் வில்லியமினா பிளெமிங் அம்மையார். ஒளிமுகிலின் விளிம்பில் அரைவட்டமான வெட்டு ஒன்று உண்டென முதலிற் குறித்தவர் அவரே. ஸ்கொத்லாந்திற் பிறந்த அவ்வம்மையார், நிலையத் தலைவர் எட்வேட் பிக்கரிங்கின் இல்லத்திற் பணிப்பெண்ணாய் இருந்து, பின்னர் அந்நிலையத்து ஆய்வாளராய் உயர்ந்தவர். எனினும், 1895 இல் டிறேயர் வெளியிட்ட முகிற் பட்டியலிற் பிக்கரிங் என்ற பெயரே நின்றது. தூசு மறைத்ததைக் கண்டவரைப் பட்டியல் மறைத்துவிட்டது! 1908 இல் வெளிவந்த இரண்டாம் பட்டியலில் அவருடைய பிற்காலக் கண்டுபிடிப்புகளுக்கு உரிய இடம் கிடைத்ததேயன்றி, இம்முகிலுக்குக் கிடைக்கவில்லை.

அவ்வெட்டு வெற்றிடமோ, அன்றி ஒரு பொருளோ? வானத்துக் கரும்பகுதிகளை விண்மீனற்ற துளைகள் என்றே பலர் எண்ணினர். எட்வேட் பாணாட்டும் தொடக்கத்தில் அக்கருத்துடையவரே. தாம் எடுத்த படங்களே தம் கருத்தை மறுத்தபோது அவர் படங்களின் பக்கம் நின்றார். அப்பண்பு எமக்குப் பெரிதும் உவப்பானது. 1919 இல் அவர் நிரற்படுத்திய 182 கரும்பொருள்களுள் இது 33 ஆவது.

இன்று தகட்டின் இடத்தை மின்னணு உணரி கைக்கொண்டுள்ளது. பழைய தகடுகள் நீல ஒளியையே நன்கு பற்றின. ஐதரசனோ 656 நனோமீற்றர் அலைநீளமுள்ள செவ்வொளியை மிகுதியாக வீசுவது. அவ்வொளியை மாத்திரம் விடும் வடிகட்டியை இட்டு, பலமுறை படமெடுத்து, அவற்றை ஒன்றாகக் கூட்டுவர். அங்ஙனம் கூட்டக் கூட்ட முகில் துலங்கும்; தூசின் பின்னுள்ளதோ துலங்காது. அதனைக் காணச் செந்நிறக்கீழ்க் கதிர் வேண்டும். அதன் நெடிய அலைகளை நுண்டூசு எளிதிற் சிதறடிக்க வல்லதன்று. 2013 இல் ஹபிள் தொலைகாட்டி அக்கதிரால் எடுத்த படத்தில், கருங்குதிரை மெல்லிய புகைபோல் நிற்க, அதனூடே பின்னுள்ள விண்மீன்கள் தெரிகின்றன.