பந்தும் கிண்ணமும் இடம் மாறின!

தோள்மூட்டு அறுவை சிகிச்சையில் வல்ல டாக்டர்கள் ஆண்டுக்கொரு முறை ஓரிடத்தில் கூடுவது வழக்கம். ஐரோப்பாவில் இதற்கென்றே 1987-இல் ஒரு சங்கம் தோன்றியது. அதன் ஆண்டு மாநாட்டில் வரவேற்புரை முடிந்து, திரையில் எக்ஸ்-ரே படங்கள் வரத் தொடங்கும் வேளையில் நீங்கள் உள்ளே நுழைவதாக வைத்துக்கொள்ளுங்கள். மருந்து, ஊசி என்று ஏதோ புரியாத பேச்சு நடக்கும் என்றுதானே எதிர்பார்ப்பீர்கள்? அங்கே அடிக்கடி காதில் விழுவது நெம்புகோல், சுழல் மையம், திருப்புத்திறன்! "இந்தத் திருப்புத்திறனால் என்ன சார் பிரயோசனம்?" என்று ஆண்டுதோறும் என் வகுப்பில் ஒருவராவது கேட்பதுண்டு. அவரை அந்த அரங்கில் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

முதலில் ஒரு சோதனை. ஒரு கிலோகிராம் எடையுள்ள புத்தகத்தைக் கையில் பிடித்து, கையைப் பக்கவாட்டில் தோள் மட்டத்துக்கு நீட்டுங்கள். சிறிது நேரத்தில் தோள் கடுக்கத் தொடங்கும். ஏன்?

உங்கள் எடை 40 கிலோகிராம் என்று கொள்வோம். ஒரு கையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு; அதாவது 2 கிலோகிராம், விசையாகச் சொன்னால் 20 நியூட்டன். நீட்டிய கையின் ஈர்ப்பு மையம் தோளிலிருந்து சுமார் 25 செ.மீ. தொலைவில் இருக்கிறது. எனவே கையைக் கீழே சாய்க்கும் திருப்புத்திறன் 5 நியூட்டன்-மீட்டர். 50 செ.மீ. தொலைவில் உள்ள புத்தகம் இன்னொரு 5 நியூட்டன்-மீட்டரைச் சேர்க்கிறது. இந்தப் பத்தையும் எதிர்த்து நிற்பது தோளைப் போர்த்தியிருக்கும் டெல்டாயிட் என்ற முக்கோணத் தசை. அது மூட்டின் மையத்திலிருந்து ஏறக்குறைய 2.5 செ.மீ. தொலைவில்தான் இழுக்கிறது. மற்றத் தசைகளின் உதவியை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், அது இழுக்க வேண்டிய விசை 400 நியூட்டன். உங்கள் உடல் எடை முழுவதற்கும் சமம்! ஒரு புத்தகத்தைத் தூக்க இவ்வளவா?

இவ்வளவு பெரிய விசையைத் தாங்கும் மூட்டு எப்படிப்பட்டது தெரியுமா? பள்ளி விளையாட்டு விழாவில் எலுமிச்சம்பழத்தைக் கரண்டியில் வைத்து ஓடியிருப்பீர்கள். அந்தக் கரண்டியைச் செங்குத்தாக நிறுத்தினால் பழம் நிற்குமா? தோள்மூட்டு ஏறத்தாழ அப்படித்தான். மேல்கை எலும்பின் உச்சியில் உள்ள பந்து பெரியது. தோள்பட்டை எலும்பில் உள்ள கிண்ணமோ சிறியது, ஆழமற்றது. அதனால்தான் கையை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிகிறது. பந்து நழுவாமல் கிண்ணத்தோடு அழுத்திப் பிடிப்பவை, அதைச் சுற்றியுள்ள நான்கு சிறு தசைகள்.

நீண்ட ஏணியை நிமிர்த்துவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒருவர் அடிப்பக்கத்தைக் காலால் மிதித்துக்கொள்வார். மற்றவர் தூக்குவார். மிதிப்பவர் காலை எடுத்துவிட்டால் ஏணி நிமிராது; தரையில் வழுக்கிக்கொண்டு போகும். டெல்டாயிட் தூக்குகிறவர். நான்கு சிறு தசைகளும் மிதிப்பவர்.

முதுமையில் சிலருக்கு இச்சிறு தசைகளின் நாண்கள் நைந்து அறுந்துவிடுகின்றன. அறுந்தது மிகப் பெரிதானால் தைக்கவும் முடியாது. டெல்டாயிட் நன்றாகவே இழுக்கும். ஆனால் பந்து சுழல்வதற்குப் பதிலாக மேலே ஏறி, தோளின் உச்சி எலும்பில் போய் முட்டிக்கொள்ளும். கை உயராது. தலை வாரவும், சட்டை மாட்டவும், பரணில் உள்ள டப்பாவை எடுக்கவும் இன்னொருவரை அழைக்க வேண்டும். நியூயார்க்கில் சார்லஸ் நீர் 1950-களில் கொண்டுவந்த உலோகப் பந்து பலருக்கு உதவியது. இவர்களுக்கோ வலி குறைந்ததே தவிர, கை உயரவில்லை. மிதிப்பவர் இல்லையே!

இயற்கை வைத்ததைத் தலைகீழாக்கினால் என்ன? தோள்பட்டை எலும்பில் பந்து, மேல்கை எலும்பில் கிண்ணம். அப்போது கிண்ணம் மேலே ஏற முடியாது; பந்து தடுத்துவிடும். 1970-களில் பலர் இதை முயன்றார்கள். ஆனால் அவர்கள் பந்தை ஒரு கழுத்தின் மேல் வைத்து, எலும்பிலிருந்து தள்ளிப் பொருத்தினார்கள். கை அசையும் ஒவ்வொரு முறையும் அந்தக் கழுத்தே நெம்புகோலாகி, ஆணியைப் பிடுங்குவது போலப் பந்தை ஆட்டி ஆட்டித் தளர்த்திவிட்டது. நீரும் இதில் கைவைத்துப் பார்த்துக் கைவிட்டவரே.

பிரான்சில் டிஜோன் நகரத்து டாக்டர் பால் கிராமோன் 1985-இல் இதை மீண்டும் எடுத்தார். 1991-இல் வந்த அவருடைய திருத்திய அமைப்பில் கழுத்தே இல்லை. அரைப் பந்து ஒன்று எலும்பை ஒட்டியே திருகாணிகளால் பொருத்தப்பட்டது. அரைப் பந்தின் மையம் எங்கே இருக்கும்? அதன் தட்டையான பக்கத்தில், அதாவது எலும்பின் பரப்பிலேயே! பந்தை அசைக்கும் நெம்புகோலின் நீளம் ஏறக்குறைய சுழியாகிவிட்டது. அதே நேரத்தில் சுழல் மையம் உள்ளே தள்ளியதால், டெல்டாயிட்டின் நெம்புகோல் நீண்டது. மேல்கை எலும்பும் சற்றுக் கீழே இறங்கியதால், தசை விறைப்பாக இழுபட்டது. ஒரே தசையை நம்பிய இந்த மூட்டுக்கு 'டெல்டா' என்றே பெயர். எனக்குப் பிடித்தது, ஒரே மாற்றம் இரண்டு கணக்குகளைத் தீர்த்ததுதான். அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைக்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

குறை இல்லாமல் இல்லை. கையைத் தொங்கவிடும்போது கிண்ணத்தின் விளிம்பு தோள்பட்டை எலும்பின் கீழ்ப்பகுதியில் உரசி, அங்கே பள்ளம் பறிக்கிறது. கையை வெளிப்புறமாகத் திருப்பும் வலுவும் குறைகிறது. மையத்தைச் சில மில்லிமீட்டர் வெளியே நகர்த்தினால் உரசல் குறையும். ஆனால் பழைய ஆணி பிடுங்கும் நெம்புகோல் திரும்பி வந்துவிடும்! எத்தனை மில்லிமீட்டர்? மாநாடுகளில் டாக்டர்களும் பொறியாளர்களும் விவாதிப்பது இதைத்தான். ஒருவர் தம் புதிய அமைப்பின் எக்ஸ்-ரே படத்தைப் பெருமையுடன் காட்டுவார். இன்னொருவர் எழுந்து, பத்தாண்டு கழித்து எடுத்த படம் எங்கே என்று கேட்பார்.