உடையாத அச்சு எது?

காட்டுப் பாதைக்கு ஜீப்பைத் தயார்செய்பவர்கள் முதலில் செலவழிப்பது டயருக்கு. ஆனால் கணக்குப் போட வேண்டியது கண்ணில் படாத ஆக்சிலுக்கு.

கோவாவில் ஜூலை மாத மழை, முழங்கால் அளவு சேறு. 2014-ல் அங்கே அறிமுகமான ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போன்ற போட்டிகளில் ஒரு வண்டி உறுமிக்கொண்டே மேட்டில் ஏறும். திடீரென்று 'டப்' என்று ஒரு சத்தம். இன்ஜின் ஓடும், வண்டி நகராது. சக்கரத்துக்கும் டிஃபரன்ஷியலுக்கும் நடுவே, குழாய்க்குள் ஒளிந்திருக்கும் ஆக்சில் ஷாஃப்ட் என்ற இரும்புத் தண்டு முறிந்திருக்கும்.

முறிந்த பிறகு எல்லோரும் கேட்கும் கேள்வி, "இதைவிட தடிமனாக எது கிடைக்கும்?" என்பது. முறிவதற்கு முன்பே கேட்க வேண்டியது வேறு: அச்சு ஏன் உடைகிறது?

பதில் எளிய பெருக்கலில் இருக்கிறது. ஓர் இன்ஜின் 250 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தருவதாக வைத்துக்கொள்வோம். முதல் கியர் அதை 4 மடங்காக்குகிறது. லோ ரேஞ்ச் கியர் மேலும் 2.5 மடங்கு. டிஃபரன்ஷியலில் உள்ள கிரவுன் வீல், பினியன் இன்னொரு 4 மடங்கு. மொத்தம் 10,000 நியூட்டன் மீட்டர். வழவழப்பான தரையில் இந்த முழு விசையும் அச்சைத் தொடுவதில்லை. அதற்கு முன்பே டயர் வழுக்கிச் சுழன்றுவிடும். 600 கிலோ சுமை தாங்கும் சக்கரத்தின் ஆரம் 40 செ.மீ. என்றால், நல்ல பிடிப்புள்ள தரையிலும் அந்தப் பக்க ஷாஃப்டுக்கு வருவது சுமார் 2,350 நியூட்டன் மீட்டர்தான். டயர் வழுக்குவதே அச்சைக் காக்கும் ஃபியூஸ்.

அந்த ஃபியூஸைத்தான் வண்டி தயாரிப்பவர்கள் ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறார்கள். டயர் பெரிதானால் ஆரம் கூடுகிறது, பிடிப்பும் கூடுகிறது. இரண்டும் ஷாஃப்டின் மேல்தான் விடிகிறது. அடுத்தது டிஃப் லாக். சாதாரண டிஃபரன்ஷியல் இரு பக்கமும் சம விசையைத்தான் தரும். ஒரு சக்கரம் அந்தரத்தில் சுற்றினால் மறுபக்கத்துக்கும் விசை கிடைக்காது. பூட்டிவிட்டால் அச்சுக்கு வரும் விசை முழுவதையும் ஒரே ஷாஃப்ட் சுமக்க நேரிடும். டயர் கல்லிடுக்கில் சிக்கி நிற்கும் நேரத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் முறிவு நிச்சயம் என்றே சொல்லலாம்.

முன் அச்சில் சிக்கல் இன்னும் அதிகம். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்த நிலையில் அங்குள்ள ஜாயின்ட்டின் தாங்கும் திறன் குறைந்துவிடும். ஒடித்த சக்கரம், பூட்டிய டிஃபரன்ஷியல், அவசரக் கால் மூன்றும் சேர்ந்தால் விலை கொடுத்துதான் பாடம் கற்க வேண்டும்.

மூன்றின் பெருக்கல்

தடிமன் முக்கியம்தான். தண்டு முறுக்கைத் தாங்கும் வலிமை அதன் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது. விட்டம் 10 சதவீதம் கூடினால் வலிமை 33 சதவீதம் கூடும். 30 மி.மீ. தண்டை 35 மி.மீ. ஆக்கினால் கிட்டத்தட்ட 59 சதவீதம் லாபம். பார்வைக்குச் சின்ன வித்தியாசம், பலனில் பெரியது.

அதே அளவு முக்கியம், என்ன இரும்பு என்பது. நம் ஊர் லேத் பட்டறைகளில் இஎன்8, இஎன்19, இஎன்24 என்ற பெயர்கள் சர்வசாதாரணம். இஎன்8 நடுத்தரக் கார்பன் எஃகு. இஎன்24-ல் நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்திருக்கிறது. வெளிநாட்டு ஷாஃப்ட் விளம்பரங்களில் 4340 என்ற எண்ணோடு வருவது ஏறக்குறைய இதன் உறவுதான். ஆனால் உயர்ந்த இரும்பை வாங்கிக் கடைந்து, முறையான வெப்பப் பதம் கொடுக்காமல் மாட்டினால் காசும் போகும், காரியமும் கெடும். பல் வெட்டிய ஸ்ப்ளைன் பகுதி முடியும் இடத்தில் கூர்மையான விளிம்பு இருந்தால் விரிசல் அங்கிருந்தே தொடங்கும். கழற்றிய பழைய ஷாஃப்டின் பற்கள் நேராக இல்லாமல் திருகியிருந்தால் அது முறிவுக்கு முந்தைய எச்சரிக்கை. அதைத் துடைத்து மறுபடி மாட்டுவது சூதாட்டம்.

ஆனால் உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி வேறொன்று: ஷாஃப்ட் முறிந்தால் சக்கரம் வண்டியில் இருக்குமா? லாரிகளில் உள்ளது போன்ற ஃபுல் ஃப்ளோட்டிங் அச்சில் வண்டியின் எடையைத் தாங்குவது ஹப்பும் பேரிங்கும். ஷாஃப்டின் வேலை சுற்றுவது மட்டுமே. அது முறிந்தாலும் சக்கரம் இடத்தில் நிற்கும். செமி ஃப்ளோட்டிங் அச்சில் எடையும் ஷாஃப்டின் மேலேயே. முறிந்தால் சக்கரமே கழன்று ஓடலாம். இரண்டாம் உலகப் போரின் வில்லிஸ் ஜீப்பில் பின் அச்சு ஃபுல் ஃப்ளோட்டிங். அதன் சிவிலியன் வாரிசான சிஜே 3பி-யில் டேனா 44 என்ற பெரிய அச்சு வந்தது. ஆனால் அது செமி ஃப்ளோட்டிங். பற்சக்கரம் பலமானது, பாதுகாப்பு ஒரு படி இறங்கியது. மலைச்சரிவில் ஓட்டுகிறவர் தடிமனை விட இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

காயலான் கடைப் பொக்கிஷம்

1940களின் கடைசியிலிருந்தே ஜீப்புகளைத் தயாரித்துவரும் மஹிந்திராவின் பழைய அச்சுகள், மாருதி ஜிப்ஸியின் பாகங்கள், ஜபல்பூரில் ராணுவத்துக்காகத் தயாரான ஜோங்காவின் கனத்த அச்சுகள் என்று நாட்டில் தேர்வுக்குப் பஞ்சமில்லை. டெல்லியின் மாயாபுரி பழைய இரும்புச் சந்தையும், ராணுவ ஏல ஜீப்புகளை உருமாற்றுவதில் பெயர் வாங்கிய ஹரியானாவின் மண்டி டப்வாலியும் இந்த உலகத்தின் யாத்திரைத் தலங்கள். 2010-ல் வந்த மஹிந்திரா தார் வண்டியின் தனித்தனியாக இயங்கும் முன் சஸ்பென்ஷனைக் கழற்றிவிட்டு, பழைய ஜீப்பின் முழு அச்சைப் பொருத்துவது ஆர்வலர்களிடையே பிரபலமான வேலை.

பெரிய அச்சு கிடைத்துவிட்டது என்பதற்காக உடனே வாங்கிவிடக் கூடாது. முன், பின் அச்சுகளின் கியர் விகிதம் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நான்கு சக்கர ஓட்டத்தில் இரண்டும் மல்லுக்கட்டும். டிஃபரன்ஷியல் உருண்டை எந்தப் பக்கம் இருக்கிறது என்பது டிரான்ஸ்ஃபர் கேஸோடு பொருந்த வேண்டும். அகலம், பிரேக், போல்ட் அமைப்பு எல்லாவற்றையும் அளந்து பார்க்க வேண்டும். உருண்டை பெரிதானால் தரை இடைவெளியும் குறையும். டேனா 44-ன் கிரவுன் வீல் 8.5 அங்குலம், டேனா 60-ல் 9.75 அங்குலம். டயரின் விட்டத்தை ஓர் அங்குலம் கூட்டினால் வண்டி அரை அங்குலம்தான் உயரும் என்பதை நினைவில் வைத்தால், இந்த வித்தியாசம் புரியும்.

இன்னொரு தடை சட்டம். தயாரிப்பாளர் தந்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், அனுமதியில்லாத மாற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. அதே மாடலுக்கான ஷாஃப்டை மாற்றுவது பழுதுபார்ப்பு. வேறு வண்டியின் அச்சை வெல்டிங் செய்து ஊர்ச் சாலையில் ஓட்டுவது வேறு விஷயம். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் கேட்கும் முதல் கேள்வியும் அதுவாகவே இருக்கலாம். எனவேதான் போட்டிக்கென்றே உருவான வண்டியை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோவது புத்திசாலித்தனம்.

அச்சை வலுவாக்கினால் முறிவு மறைவதில்லை, இடம் மாறுகிறது. ஷாஃப்ட் தாங்கினால் ஜாயின்ட், ஜாயின்ட் தாங்கினால் பினியன், அதுவும் தாங்கினால் டிரான்ஸ்ஃபர் கேஸ். ஏதோ ஒன்று முதலில் போகத்தான் போகிறது. அது மலிவாகக் கிடைக்கும், அரை மணியில் மாற்றக்கூடிய, சக்கரத்தைக் கழற்றிவிடாத ஒரு பாகமாக இருக்கும்படி பார்த்துக்கொள்பவரே கெட்டிக்காரர். டயரின் அளவை முடிவுசெய்து, டிஃப் லாக் வேண்டுமா என்று தீர்மானித்து, அதற்கேற்ற அச்சை மூன்றாவதாக வாங்குபவர் பெரும்பாலும் ஒருமுறைதான் வாங்குவார். அச்சில் தொடங்குபவர் அடுத்த சீசனிலும் மாயாபுரிப் பக்கம் தென்படுவார்.